தரையில் நிற்பதெல்லாம் அக்காவுக்கு

வீட்டை விற்கப்போகிறவர்கள் முதலில் பெயிண்ட் அடிப்பார்கள். அதில் ஒரு தப்பும் கிடையாது. விருந்தாளி வருகிறார் என்றால் கிழிந்த மெத்தைமேல் புது விரிப்பு போடுவதில்லையா, அதுபோலத்தான்.

வெல்டிங்காரர் உங்களிடம் சொன்னது உண்மை. போன வருடம் நான்தான் அவரை வரவழைத்துப் பால்கனிக் கம்பியைக் காட்டினேன். வலது ஓரத்தில் அடிப்பகுதி துருப்பிடித்துப் பொரிந்துபோயிருந்தது. சுரண்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒட்டுப்போட முடியாதும்மா, மொத்தமா கழட்டி மாத்தணும். அதுவரைக்கும் யாரும் சாயாம பாத்துக்குங்க" என்றார். என் வீட்டுக்காரர் தவறிப்போய்ச் சில மாதங்கள்கூட ஆகவில்லை, வங்கியிலிருந்து தினமும் போன் வந்துகொண்டிருந்தது. கம்பி மாற்றுகிற நிலையிலா இருந்தேன்? இரண்டு பெரிய சிமெண்ட் பூந்தொட்டிகளை அந்த ஓரத்துக்கு நகர்த்தினேன். அதற்குப் பிறகு அங்கே யாரும் போய் நிற்க முடியாது. என் கையில் இருந்தவரைக்கும் அந்த வீடு யாரையும் ஒன்றும் செய்ததில்லை.

தரகர் கம்பிக்கும் சேர்த்து ஒரு கோட்டிங் கறுப்பு அடிக்கச் சொன்னார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. வீடு பார்க்க வந்தவர்களைப் பற்றித் தனியாக ஒரு கதையே சொல்லலாம். ஒருவர் குளியலறையில் திரும்ப இடமில்லை என்றார். ஒருவர் எல்லாம் பேசி முடித்த பிறகு லோன் கிடைக்கவில்லை என்று கையை விரித்தார். ஒரு அம்மாள் வாராவாரம் வந்து, ஒவ்வொரு அலமாரியையும் திறந்து பார்த்து, காபி குடித்துவிட்டுப் போவாள். வீடு வாங்குகிற எண்ணமே அவளுக்குக் கிடையாது. வங்கி கொடுத்த கெடு நெருங்கியபோது என் தங்கை வந்து, "வெளியாளுக்கு எதுக்குக்கா? நாங்களே வாங்கிக்கிறோம்" என்றாள். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று சொந்தக்காரர்களெல்லாம் நெகிழ்ந்துபோனார்கள்.

என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் எனக்குச் சிறிதாகிப்போன உடுப்பெல்லாம் அவளுக்குப் போகும். நான் போட்டிருந்தபோது அதை ஒருவரும் ஏறெடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அவள் போட்டுக்கொண்டு வந்து நின்றால், "அட, இது எங்க வாங்கினது?" என்பார்கள். அவள் கெட்டவள் இல்லை. என்னுடையது எதுவானாலும் அவளுக்குக் கூடுதலாகப் பொருந்திவிடும். பிள்ளை பாக்கியமும் அப்படித்தான். எனக்கு இல்லை, அவளுக்கு ஒரு பெண் குழந்தை. பொறாமை என்று எழுதிக்கொள்ள வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு மறுப்பில்லை.

தங்கை வீட்டுக்காரர் வாங்குவதற்கு முன்னால் ஒரு இஞ்சினியரை அழைத்து வந்து வீட்டைக் காட்ட வேண்டும் என்றார். விவரமான மனிதர். அவள்தான் சிரித்துக்கொண்டே, "அக்கா வீட்டுக்கு எதுக்குங்க இஞ்சினியர்? வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்க" என்று வாயை அடைத்துவிட்டாள். பத்திரத்தைப் பார்க்க வக்கீல் வந்தார். வீட்டைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு எது யாருக்கு என்ற பேச்சு. ஃபேன், திரைச்சீலைக் கம்பி, சமையலறை அலமாரி என்று இழுபறியானது. அதற்கும் அவளே ஒரு வழி சொன்னாள். சுவரில் பதித்ததெல்லாம் வீட்டோடு, தரையில் நிற்பதெல்லாம் அக்காவுக்கு. கூடத்துச் சுவரில் பதித்திருந்த பெரிய கண்ணாடியை விட்டுக்கொடுக்க மனமில்லாமல்தான் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். சரி என்றேன். தொட்டிகள் தரையில் நின்றன. எடுத்துக்கொண்டேன்.

சாவி கொடுத்த அன்று வீட்டின் குணத்தையெல்லாம் சொல்லிக்கொடுக்கத்தான் ஆரம்பித்தேன். குளியலறைக் குழாயை அழுத்தித் திருப்ப வேண்டும், மழை பெய்தால் பின்கதவு உப்பிக்கொள்ளும், காலால் ஒரு தள்ளு தள்ள வேண்டும் என்று. பால்கனிக்கு வருவதற்குள், "விடுக்கா, எல்லாத்தையும் மாத்தத்தான் போறோம்" என்றாள். நானும் விட்டுவிட்டேன். கம்பியையும் மாற்றிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக.

அவர்கள் குடிவந்த பிறகு ஒருநாள் போனேன். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த சுவரை இடித்திருந்தார்கள். பகல் முழுவதும் நான் லைட் போட்டுக்கொண்டு சமைத்த இடத்தில் வெயில் அடித்தது. எங்கள் சித்தியும் வந்திருந்தாள். சுற்றிலும் பார்த்துவிட்டு, "இப்பத்தான்டி இது வீடு மாதிரி இருக்கு" என்றாள். அதே வீடுதான். நான் குடியிருந்து, கடன் கட்டி, கணவனைப் பறிகொடுத்த வீடு. வயிறு எரிந்தது என்று சும்மா பேச்சுக்குச் சொல்வார்கள். எனக்கு நிஜமாகவே எரிந்தது, தங்கையிடம் கொஞ்சம் மோர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

பால்கனிக்குப் போனோம். கம்பி அப்படியே இருந்தது. என் கறுப்புப் பெயிண்ட் பளபளவென்று இருந்ததால் மாற்றத் தோன்றவில்லையாம். தொட்டி இருந்த இடத்தில் இரண்டு வட்டத் தடம் மட்டும். சாயங்காலம் பாப்பாவின் ஸ்கூல் பஸ் எப்போது வருமென்றே தெரிவதில்லை, கீழே போய்க் கால்கடுக்க நிற்க வேண்டியிருக்கிறது என்று தங்கை குறைப்பட்டுக்கொண்டாள்.

"கீழ எதுக்குப் போற? அந்த வலது ஓரத்துல நின்னு லேசா எட்டிப் பாரு. தெருமுனையில பஸ் திரும்புறதே தெரியும்" என்றேன்.

அது பொய் இல்லை. அங்கிருந்து தெருமுனை நன்றாகத் தெரியும்.

யோசிக்காமல் சொன்னேனா என்று கேட்டீர்கள். இல்லை, யோசித்துத்தான் சொன்னேன். இஞ்சினியரை வேண்டாம் என்றதும் அவள், தொட்டிகளை எடுத்துப்போகச் சொன்னதும் அவள். ஆனால் அந்த இடத்தைக் காட்டியது நான்தான். அன்று பஸ் தாமதம். இல்லாவிட்டால் அவ்வளவு நேரம் சாய்ந்து நின்றிருக்க மாட்டாள். கம்பி பெயர்ந்துகொண்டது. மூன்றாவது மாடி. பஸ் தாமதமானதும் ஒருவகையில் நல்லதாகப் போயிற்று, பாப்பா எதையும் பார்க்கவில்லை.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் தங்கை வீட்டுக்காரர் தவித்தார். வந்து இருங்கள் என்று அவரே கேட்டார், நானாகப் போகவில்லை. தொட்டிகளையும் கொண்டுவந்தேன். அந்த வட்டத் தடத்தில் அச்சாக உட்கார்ந்துகொண்டன. சுவரைத் திரும்பக் கட்டவில்லை, வெளிச்சம் எனக்கும் பிடித்திருக்கிறது. போன வாரம் வந்த சித்திகூட, என் முகத்தில் களை வந்திருக்கிறது என்றாள்.

புதுக் கம்பி போடவும் அதே வெல்டிங்காரரைத்தான் கூப்பிட்டேன். அதனால்தானே உங்களுக்கு விஷயம் தெரிந்தது. வேறு யாரையாவது கூப்பிட்டிருந்தால் நீங்கள் இங்கே வந்திருக்கவே மாட்டீர்கள். கூப்பிடும்போதே அது எனக்குத் தெரியும். ஆனால் குழந்தை இருக்கிற வீடு. கம்பி விஷயத்தில் அரைகுறை ஆளை நம்ப முடியுமா, சொல்லுங்கள்.