பதினோரு நாள் தூரம்

முழங்கால் வலி எனக்குப் பத்து வருஷப் பழக்கம். சரோஜினி நகர் மார்க்கெட்டில் துணி மூட்டை தூக்குகிறவனுக்கு முதலில் இடுப்புதான் போகும் என்பார்கள். எனக்கு முழங்கால் போனது. மகாதேவன் சார் இறந்த அன்று, “பாவம், அந்தக் காலை வெச்சுண்டு எலியேசர் என்ன ஓடியிருப்பான்” என்று நீங்கள் எல்லோரும் பேசிக்கொண்டதற்கு நன்றி. நம் மாத இதழுக்கு அஞ்சலி எழுதச் சொன்னார் ஆசிரியர் கோபாலன். ஒரு பக்கம் போதும், கண்ணீர் கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும் என்றார். கண்ணீர் வரவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

சார் மத்திய சர்க்காரில் செக்‌ஷன் ஆபீசர். பதினெட்டு வருஷமாக ‘தூரவாசி’ என்ற விண்வெளித் தொடரை நமக்கு எழுதினார். கை நடுங்க ஆரம்பித்த பிறகு அவர் சொல்ல, ஆறு வருஷமாக எழுதிக்கொடுத்தது நான். மதராசி கேம்ப் குடிசையில் இருக்கிறவனுக்கு இத்தனை அழகான கையெழுத்தா என்று முதல் நாள் ஆச்சரியப்பட்டார். கைக்கு விலாசம் தெரியாது சார் என்றேன். சிரித்தார். நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முதல் அத்தியாயத்திலேயே அவர் ஒரு விதி வைத்திருந்தார். தூரவாசி ஒளியை முந்தும் கப்பல். ஆனாலும் பூமிக்கும் நீல நட்சத்திரத்துக்கும் நடுவே பதினோரு நாள். ஒரு மணி நேரம்கூடக் குறையாது. எஞ்சின் அறையில் பன்னிரண்டு பேர் முறை வைத்து எரிபொருள் தள்ளினால்தான் அந்த வேகமும். ஒளியை முந்துகிற கப்பலில் எதற்கு ஆள் தள்ளுகிறான் என்று ஆர்.கே.புரம் வாசகர் வெங்கடேஸ்வரன் நான்கு பக்கம் கடிதம் போட்டார். அவர் மூட்டை தூக்கியதில்லை. எது வேகமாகப் போனாலும் அடியில் ஒருத்தன் தள்ளிக்கொண்டிருப்பான்.

என் அப்பா மேம்பால வேலையில் கல் சுமந்தவர். சாரம் சரிந்து, நான்கு மணி நேரம் மண்ணில் கிடந்து செத்தார். ஆஸ்பத்திரி தூரம், வண்டி இல்லை என்றார்கள். கான்ட்ராக்டரின் ஜீப் அங்கேயே நின்றது. அவருடைய மைத்துனரை ஸ்டேஷனிலிருந்து கூட்டிவர அதை ஒதுக்கியிருந்தார்கள். இதை ஒருமுறை சாரிடம் சொன்னேன். அடுத்த மாதம் எஞ்சின் அறையில் முனியன் என்று ஒருவன் முளைத்தான். அவன் நெஞ்சில் இரும்பு விழுந்தது. மருந்து நீல நட்சத்திரத்தில் இருந்தது. ஒன்பதாம் நாள் செத்தான். அதை எழுதும்போது எனக்கு ஆறுதலாக இருந்தது. யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது. தூரம் அப்படி.

2001, மே மாதம். கடைசி அத்தியாயம். சார் லீவில் இருந்தார். சாரின் மனைவி விஜயலக்ஷ்மி அம்மா லோதி ரோடு பள்ளிக்கூடத்துக்குப் பாடம் எடுக்கப் போயிருந்தார்கள். நீல நட்சத்திரத்தில் இருக்கும் கேப்டனுக்கு மறுநாள் காலை பூமியில் கல்யாணம். “ஒரே மத்தியானத்தில் வந்து சேர்ந்தான்” என்று சார் சொன்னார். நான் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டேன்.

“பதினோரு நாள் சார்.”

“கதைக்கு வேணும்னா கப்பல் ஜல்தியாத்தான் போகும். நீ என்ன ரயில்வே மந்திரியா, டைம்டேபிள் பாக்கறதுக்கு?”

“அப்ப முனியனுக்கு ஏன் சார் மருந்து வரல?”

“அவன் சாகணும், அதான் வரல. அந்த அத்தியாயத்துக்கு மட்டும் அறுபது லெட்டர் வந்துது, தெரியுமோ?”

நான் எழுதினேன். அரைப் பக்கம் தாண்டியிருக்காது, அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரைக் குப்பி காலி. போன் இரண்டு நாளாகச் செத்துக் கிடந்தது. அக்கம்பக்கம் எல்லோரும் ஆபீஸில். “ஓடு” என்றார்.

மருந்துக் கடைக்குப் போய்த் திரும்ப எட்டு நிமிடம். பல தடவை போயிருக்கிறேன்.

நடந்தேன். தண்ணீர் வண்டியில் ஒரு தம்ளர் குடித்தேன். மே மாத வெயில் உங்களுக்குத் தெரியும். ஒரு கடையில் சட்டை விலை கேட்டேன். வாங்குகிற எண்ணம் இல்லை. கடைக்காரனிடம் பேரம்கூடப் பேசினேன். மாத்திரை வாங்கிக்கொண்டு, வந்த வழியிலேயே திரும்பினேன். சார் நாற்காலியில்தான் இருந்தார். மாத்திரையை அவர் நாக்குக்கு அடியில் வைத்தேன். அது கரையவில்லை.

பிறகு உட்கார்ந்து, “ஒரே மத்தியானத்தில்” என்பதை அடித்துவிட்டு “பதினோரு நாளில்” என்று எழுதினேன். கேப்டன் வருவதற்குள் முகூர்த்தம் தாண்டி, பந்தலைப் பிரித்துவிட்டார்கள். அந்த முடிவைப் படித்துவிட்டு எழுபத்திரண்டு பேர் அழுது கடிதம் போட்டிருக்கிறீர்கள். முனியனை அது பன்னிரண்டு கடிதத்தில் முந்திவிட்டது. பாராட்டு சாருக்கே சேரட்டும்.

நான் அவரைக் கொல்லவில்லை. அவர் வைத்த விதியைக் காப்பாற்றினேன், அவ்வளவுதான். இப்படித்தான் தினமும் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன், பாதி நாள் நம்பவும் செய்கிறேன். ஆனால் அன்று முழங்கால் வலிக்கவில்லை. கூப்பிடு தூரம் அது. எட்டு நிமிட வழிக்கு நான் இருபத்திரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டேன். விஜயலக்ஷ்மி அம்மாவுக்கு நான் பதினான்கு நிமிடம் பாக்கி.