இரண்டு வேளையும் போய்ப் பார்த்தேன்

குதிரையின் விலா எலும்பைக் கண்ணால் பார்க்கக் கூடாது, கையால் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் ரோமம் அடர்ந்துவிடும். உள்ளே எலும்பும் தோலுமாக இருந்தாலும் வெளியே புசுபுசுவென்று தெரியும். கையுறையைக் கழற்றிவிட்டு, விரல்களைத் தட்டையாக வைத்து, தோளுக்குப் பின்னாலிருந்து மெதுவாகத் தடவிக்கொண்டு போக வேண்டும். இதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ளவில்லை, இன்ஸ்பெக்டர். பரவாயில்லை, உங்களுக்கு வேண்டியதற்கும் வருகிறேன்.

என் பெயர் குன்வோர் ஸான்டெல். ஹுல்தாரிட் ஊர்ப் பிராணிநலச் சங்கத்தில் பத்தொன்பது வருடமாகப் பார்வையாளர். யாராவது தொலைபேசியில் புகார் சொன்னால் நேரில் போய்ப் பார்ப்பேன். நாயோ குதிரையோ, கவனிப்பு இருக்கிறதா இல்லையா என்று அறிக்கை எழுதுவேன். பத்துப் புகாரில் எட்டு வெறும் பேத்தல். ஸ்டாக்ஹோமிலிருந்து ஏரிக்கரை வீடுகளுக்கு வருகிறவர்கள்தான் அதிகம் கூப்பிடுவார்கள். "ஐயோ, குதிரை முதுகு மேல பனி கெடக்குதுங்க, உள்ள கட்டக்கூட யாருக்கும் மனசு வரலீங்க" என்று ஒருத்தி அழுவாள். பனி உருகாமல் கிடந்தால் உடம்புச் சூடு வெளியே போகவில்லை என்று அர்த்தம், அந்தக் குதிரை உங்களைவிட வசதியாக இருக்கிறது என்று சொல்லிப் பார்ப்பேன். மண்டையில் ஏறாது. ஒருவன் வேலி தாண்டிப் போய்க் குளியலறைத் துண்டுகளைக் குதிரை மேல் போர்த்திவிட்டு வந்தான். துண்டு நனைந்து ரோமம் படிந்து, அதுவரை சுகமாக நின்ற குதிரை நடுங்க ஆரம்பித்தது. புகைப்படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பியிருந்தான்.

வளர்க்கிறவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. தபால் நிலையத்துக்கு எதிர்வீட்டில் ஒரு குட்டைக்கால் நாய் இருந்தது, வயிறு தரையில் இழுபட நடக்கும். "அவன் எங்க வீட்டுப் புள்ள மாதிரி" என்று சொல்லி அந்த அம்மாள் அதற்கு மூன்று வேளையும் இலவங்கப்பட்டை ரொட்டி ஊட்டினாள். பட்டினி போட்டால்தான் கொடுமை என்று நினைப்பு. அந்த நாயையும் நான்தான் பிரித்து வேறு வீட்டில் சேர்த்தேன். அவள் தெருவில் நின்று ஒப்பாரி வைத்தாள். நாய் ஆறு மாதத்தில் ஓட ஆரம்பித்தது.

என் தீர்ப்பு ஒன்றும் தவறியதில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அல்ரிக் ஹேடன்ஸ்கூக் மர அறுவை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எழுபத்து நான்கு வயது. காட்டோரம் தனி வீடு. ரூசா என்று ஒரு கிழட்டுப் பெண் குதிரை, பில் என்று ஒரு கிரேஹவுண்ட் நாய். செப்டம்பரில் அவன்மேல் புகார் வந்தது. போனேன். குதிரையின் விலா ஒவ்வொன்றும் விரலில் தட்டியது. தரையில் பாதி மென்று துப்பிய புல் உருண்டைகள் கிடந்தன. மட்டமான புல்லைப் போட்டால் குதிரை அப்படித்தான் துப்பும். நாய்க்கும் விலா தெரிந்தது. கவனிப்பில்லை, பதினான்கு நாளில் சரிசெய்யாவிட்டால் பிராணிகளை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதி அவன் கையில் கொடுத்தேன்.

அவன் அதைப் படித்துவிட்டு, "ஏ குன்வோர், அதுக்கு முப்பத்தோரு வயசு, வாயில பல்லு கெடையாது. அத நான் எடுத்து ஒளிச்சு வச்சிருக்கேன்னு நெனச்சியா? உனக்குப் பல்லு போனப்புறம் மொறுமொறு ரொட்டி திம்பியா நீ?" என்று கேட்டான். பீட்ரூட் சக்கையையும் அரைத்த புல்லையும் வெந்நீரில் ஊறவைத்து, நாளுக்கு நான்கு தடவை கூழாகக் கொடுக்கிறானாம். பழகின வாசனைக்காகத்தான் ஒரு கைப்பிடி புல்லும் போடுகிறானாம். இப்படிக் கதை சொல்லாதவர்களை நான் பார்த்ததே இல்லை.

அவன் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டான். ஸிக்னே பால்க், முப்பது வயதுகூட ஆகாத பெண். குதிரையின் வாய்க்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிவிட்டு, "கடைவாய்ப் பல்லு ஒண்ணுகூட இல்லைங்க. இந்த வயசுல இது நிக்கிறதே இவரு கரைச்சு ஊத்துற கூழாலதான். இந்த நாய்க்கு விலா தெரியாட்டிதான் நான் கவலப்படுவேன், இந்த ஜாதி அப்படி. உங்களுக்குத் தெரியாததா?" என்றாள். கடைசி வாக்கியத்தை அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். சங்கம் என் அறிக்கையைத் திரும்பப் பெற்றது. பத்தொன்பது வருடத்தில் அது முதல் தடவை.

அதற்கு அடுத்த வாரம் கூட்டுறவுக் கடையில் உருளைக்கிழங்கு எடுத்துக்கொண்டிருந்தேன். "குன்வோர் வந்திருக்காங்கப்பா, எல்லாரும் கோட்டுப் பட்டனப் போட்டுக்கங்க, விலா தெரிஞ்சா எழுதிட்டுப் போயிடுவாங்க" என்றான் அல்ரிக். கடையே சிரித்தது. கல்லாவில் இருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சிரிப்புக்கு அப்புறம் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கொள்ளலாமே என்று சங்கத்துச் செயலாளர் கேக் வாங்கிக்கொண்டு வந்து சொன்னார்.

பிப்ரவரியில் அந்த வியாழக்கிழமை காலை யாரோ புகார் சொல்லித்தான் போனேன் என்று சொல்ல மாட்டேன். நானாகப் போனேன். அல்ரிக் லாயத்துத் தீவன அறையில், ஏணிக்குக் கீழே விழுந்து கிடந்தான். ஒரு கால் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. நாய் அவன் மார்பின் மேல் நீட்டிப் படுத்திருந்தது.

"குன்வோரா? நல்லவேள, யாரா இருந்தா என்ன. இடுப்பு போச்சு. போன் வீட்டுக்குள்ள இருக்கு. ஆம்புலன்ஸக் கூப்பிடு" என்றான்.

"நான் பிராணிகளப் பாக்க வந்தேன்" என்றேன். என் தொலைபேசி கோட்டுப் பையில்தான் இருந்தது.

அவன் விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தான். வலித்திருக்க வேண்டும், நிறுத்திக்கொண்டான். "சரி தாயி, அதயாவது பாரு. ரூசாவுக்கு இன்னும் கூழ் வைக்கல. கெட்டில்ல தண்ணி இருக்கு, சுட வச்சு ஊத்தி, ஊறினப்புறம் வை."

குதிரைக்குத் தண்ணீர் வைத்தேன். என் வண்டியில் முதல் தரமான புல் இருந்தது, வாசனையே தனி. அதை ஒரு கட்டு பிரித்துப் போட்டேன். பிறகு அறிவிப்பை எழுதி அவன் கைக்கெட்டும் இடத்தில் வைத்தேன். பதினான்கு நாள். யாருக்கும் கொடுக்கிற அவகாசம்தான், அவனுக்கு ஒன்றும் குறைக்கவில்லை.

வளர்ப்புப் பிராணிகளை நாளுக்கு இரண்டு முறையாவது பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. சாயங்காலமும் போனேன். தரையில் பாதி மென்ற உருண்டைகள் குவிந்திருந்தன. அல்ரிக் முதலில் தண்ணீர் கேட்டான். மனிதனுக்குத் தண்ணீர் வைக்க என் படிவத்தில் இடமில்லை என்று சொன்னேன். பிறகு அவன் கெஞ்ச ஆரம்பித்தான். "காஞ்ச புல்லப் போடாத, குன்வோர். தொண்டையில சிக்கிக்கும். என்ன விடு, நான் கெடந்துட்டுப் போறேன். அதுக்கு மட்டும் ஊற வச்சுக் குடும்மா." கடையில் பேசிய வாயா இது என்று இருந்தது. நல்ல புல்லைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறான். இன்னொரு கட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு டிகிரி குளிர், பூஜ்யத்துக்குக் கீழே. மெல்லிய ரோமம் உள்ள நாயை சிமென்ட் தரைப் பக்கத்தில் விடக் கூடாது. அது நடுங்கிக்கொண்டிருந்தது. அதை அங்கிருந்து எடுப்பது என் கடமை. நாய் வர மறுத்தது. அல்ரிக் அதன் கழுத்துப் பட்டையைப் பிடித்திருந்தான், ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. "அவன் போயிட்டா எனக்குச் சூடு இல்ல" என்றான். குரல் தெளிவாகத்தான் இருந்தது. நாய் இருப்பது குளிர் காய்வதற்கு அல்ல என்றேன். பில் இப்போது என் வீட்டில் அடுப்புப் பக்கத்தில் ஆட்டுத்தோல் மேல் படுத்திருக்கிறது. நன்றாகச் சாப்பிடுகிறது.

நாயைத் தூக்கும்போதே அவன் மறுநாளைப் பார்க்க மாட்டான் என்று தெரியுமா என்று நீங்கள் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். தெரியும். ஒரு உடம்பு எவ்வளவு தாங்கும் என்று பார்த்துச் சொல்வதுதானே இத்தனை வருடமும் என் வேலை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் பேசவில்லை. குதிரை கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது, மூக்கிலிருந்து பச்சையாக நுரை வழிந்தது. பசி என்று நினைத்து இன்னும் கொஞ்சம் புல் போட்டேன். சனிக்கிழமை காலை அவன் விறைத்துக் கிடந்தான், குதிரை கால் நீட்டிப் படுத்து இழுத்துக்கொண்டிருந்தது. குதிரைக்காக மருத்துவரை நான்தான் கூப்பிட்டேன். முற்றத்துப் பனியில் என் பூட்ஸ் தடம் ஐந்து முறை உள்ளே போயிருக்கிறது என்று நீங்கள் எண்ணியது சரி.

ஸிக்னே வந்து குதிரைக்குக் கடைசி ஊசியைப் போட்டாள். அதன் தொண்டையைத் தடவிப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தாள். "காஞ்ச புல்லு. யாருங்க இத இதுக்குக் குடுத்தது?" என்றாள். இரண்டு நாளாக யாரும் கூழ் வைக்கவில்லை என்று சொன்னேன். அது உண்மை.

அங்கேயே தீவனப் பெட்டி மேல் படிவத்தை வைத்து எழுதினேன். பெண் குதிரை, வயது முப்பத்தொன்று, கடும் மெலிவு, இரண்டு நாள் உரிய தீவனம் இல்லை. பொறுப்பு: உரிமையாளர். இந்தத் தடவை அந்தப் பெண் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. செப்டம்பரில் நான் எழுதியது சரிதான் என்று இனியாவது அந்தக் கடையில் இருந்தவர்களுக்குத் தெரிய வேண்டும். இந்த அறிக்கையின் நகலை அவர்களுக்கு அனுப்ப ஏற்பாடு செய்ய முடியுமா?