ஆர்டிஸுக்குச் சூடாக்கிய பர்கர்

பர்கரைச் சுற்றித் தரும் தாளின் உள்பக்கத்தில் அலுமினியம் ஒட்டியிருக்கும் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. தானியக் கிடங்கில் எடை போட்டே காலத்தை ஓட்டி ஓய்வு பெற்றவனுக்குச் சமையலறை அந்நிய தேசம். முந்தைய நாள் மீந்த பர்கரை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, தாளோடு அப்படியே மைக்ரோவேவில் வைத்துக் கதவைச் சாத்தினேன். ஜூலை நான்காம் தேதி சுதந்திர தின வாணவேடிக்கையை ஒரு பெட்டிக்குள் பார்த்தது போல இருந்தது. புகைமணி அலற, என் மனைவி ஆர்டிஸ் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

"என்ன வேர்லின், வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் கட்டியாச்சான்னு சோதிச்சுப் பாக்குறியா?"

ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் சில்லிட்டுக் கிடந்ததைத் தட்டில் வைத்து நீட்டினேன். பன்னில் ஒட்டியிருந்த தாளை நகத்தால் கிள்ளிப் போட்டுவிட்டு முழுவதையும் சாப்பிட்டாள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"பரவாயில்ல," என்றாள். "கொஞ்சம் வித்தியாசமா இருக்கு."

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், துணை ஷெரிஃப் அவர்களே, எல்லாம் இந்தப் பதிலில்தான் தொடங்குகிறது. நீங்களும் மினசோட்டாக்காரர்தான். இங்கே 'வித்தியாசமாக இருக்கிறது' என்றால் வாயில் வைக்க முடியவில்லை என்று பொருள். நேற்று ஆர்டிஸை அடக்கம் செய்துவிட்டு, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்த என்னிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "அவசரமெல்லாம் ஒண்ணுமில்ல வேர்லின். நேரம் கெடச்சா நம்ம ஆபீஸ் பக்கம் ஒரு நடை வந்துட்டுப் போங்களேன்." மனைவியைக் கொன்றாயா என்று கேட்கக் கூப்பிடும் விதம் இது. நான் குறை சொல்லவில்லை. நேரம் கிடைத்தது, வந்திருக்கிறேன்.

ஆர்டிஸ் இந்த விஷயத்தில் நம் எல்லோரையும் மிஞ்சியவள். வீடு வாங்கியபோது பிடித்திருக்கிறதா என்றேன். பரவாயில்லை என்றாள். முதலிரவு முடிந்த காலையில் கேட்டேன். அதற்கும் அதே பதில். என்னை மணந்துகொண்டதில் வருத்தம் உண்டா என்று ஒருமுறை, கொஞ்சம் குடித்துவிட்டு, கேட்டேன். "தூங்கு வேர்லின், நாளைக்குப் பனி தள்ளணும்" என்று விளக்கை அணைத்தாள். ஒரு மனிதன் தன் வாழ்நாளில் ஒரே ஒரு நேரான பதிலை எதிர்பார்ப்பது பேராசை என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

முடக்குவாதம் அவள் கைகளைக் கோணலாக்கியபிறகு சமையல் என் பொறுப்பாயிற்று. எனக்குச் சமைக்க வராது, சூடாக்க வரும். செவ்வாய்க்கிழமைகளில் நெடுஞ்சாலை முனையில் இருக்கும் கடையில் பர்கரைப் பை பையாக மலிவில் தருவார்கள். எனக்கானதைச் சூடாகக் காரிலேயே சாப்பிட்டுவிட்டு, மீதியை வீட்டுக்குக் கொண்டுவருவேன். வாணவேடிக்கைக்குப் பிறகு நான் இதில் கைதேர்ந்தவன் ஆகிவிட்டேன், தற்பெருமைக்குச் சொல்லவில்லை. முழுதாக எடுத்துவைக்கவே கூடாது. தக்காளியையும் லெட்டூஸ் இலையையும் வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பன் ஊறிப்போய் ஈரத் துணியாகிவிடும். கறி தனி, பன் தனி. இரும்புச் சட்டியில் ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து மூடினால் கறி மறுபடி மெத்தென்றாகும். பன்னை வெண்ணெயில் வாட்ட வேண்டும். கடையில் தருவதைவிட நன்றாகவே இருக்கும். ஆர்டிஸிடம் கேட்டால் பரவாயில்லை என்பாள்.

குளிர்காலத்தில் நம் ஊரில் யாரும் ஃப்ரிட்ஜை நம்புவதில்லை. மீந்ததெல்லாம் கராஜுக்குப் போகும். அங்கே வைத்தால் கல்லாகிவிடும், மின்செலவும் இல்லை. நானும் பர்கர் பைகளைப் பனி தள்ளும் இயந்திரத்தின் மேல் அடுக்கியிருந்தேன். மார்ச்சில் குளிர் திடீரென்று விட்டுப்போனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உறைந்த ஏரியின் மேல் போட்டிருந்த மீன்பிடிக் குடிசை ஒன்று பனி உருகி மூழ்கியதே, அந்த வாரம்தான். வெளியே சட்டையோடு நின்று வெயில் காய்ந்தேன். கராஜும் காய்கிறது என்பது புத்தியில் ஏறவில்லை. அங்கிருந்து எடுத்ததைச் சூடாக்கிக் கொடுத்துவிட்டேன். அவள் சாப்பிட்டு முடித்தபிறகு சட்டியைக் கழுவப் போனபோதுதான் வாடை மூக்கில் ஏறியது. ஓடிப்போய்க் கேட்டேன்.

"பரவாயில்ல," என்றாள்.

அன்று அவள் குளியலறையை விட்டு வரவில்லை. ஊரில் வயிற்றுப்போக்குக் காய்ச்சல் சுற்றுவதாகச் சொன்னாள். அந்த முறை தெரியாமல் நடந்த தவறு. முழுக்க முழுக்கத் தவறு. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அடுத்த முறை தெரியாமல் நடந்தது அல்ல.

சமையலறை மேசையில் உட்கார்ந்து யோசித்தேன். நாறும் கறியைக்கூடப் பரவாயில்லை என்று சொல்லக்கூடியவள், இத்தனை ஆண்டுகள் என்னைப் பற்றிச் சொன்னதற்கு என்ன மதிப்பு? இவள் எந்த இடத்தில்தான் 'வேண்டாம்' என்பாள்? ஒரு சொல். அதைச் சொன்னால் போதும், தட்டை வாங்கிக் குப்பையில் கொட்டிவிட்டு முட்டை பொரித்துத் தருவேன். முட்டை எப்போதும் வீட்டில் இருந்தது. வேண்டுமானால் பாருங்கள், இன்றும் இருக்கிறது.

ஆகவே ஒரு பையைக் கராஜ் ஜன்னலில், வெயில் விழும் இடத்தில் வைத்தேன். சோதனை நியாயமாக இருக்க வேண்டும் என்பதால் கெட்ச்சப்பையும் வெங்காயத்தையும் நீக்கிவிட்டேன். சுவையை மறைக்கும் எதுவும் இருக்கக் கூடாது அல்லவா. பன்னை மட்டும் வழக்கம்போல வெண்ணெயில் வாட்டினேன். அதில் நான் குறை வைத்ததே இல்லை.

மூட்டுவலிக்கு அவள் போட்டுக்கொண்ட ஊசி உடம்பின் நோய் எதிர்ப்பைக் குறைக்கும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியும். மருத்துவமனையில் நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "சாப்பாட்டு விஷயத்துல கொஞ்சம் பாத்து நடந்துக்கிட்டா நல்லாயிருக்கும்னு தோணுது. உங்க இஷ்டம்தான்." நான் இந்த ஊரில் பிறந்தவன். கெட்டுப்போனதைக் கொடுத்தால் செத்துப்போவாள் என்று அதற்கு அர்த்தம். உடனே புரிந்துகொண்டேன்.

அவள் தங்கை லவான் ஈஸ்டருக்கு வந்தபோது கராஜ் வழியாக நுழைந்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டே சமையலறைக்கு வந்தாள்.

"ஏன் அத்தான், அங்க எலிக்கு விருந்து வச்சிருக்கீங்களா, இல்ல எங்க அக்காவுக்கா?"

"எலி அவ்வளவு சுலபமா ஏமாறாது, லவான்," என்றேன்.

மூவரும் சிரித்தோம். ஆர்டிஸ்தான் அதிகம் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்கு. லவான், தான் வேகவைத்துக் கொண்டுவந்த உருளைக்கிழங்கை மேசையில் வைத்துவிட்டு, அக்காவின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். நேற்று உங்களிடம் பேசியது அவள்தான் என்று ஊகிக்கிறேன். அப்போதே என்னிடம் நேராகக் கேட்டிருக்கலாம்.

வசந்தம் முழுவதும் இப்படியே போயிற்று. ஆர்டிஸ் மெலிந்தாள். நான் டின் சூப்பைச் சூடாக்கிக் கொடுத்தேன், ஊசிக்கு அழைத்துப்போனேன், பாதம் வீங்கிய நாட்களில் செருப்பு மாட்டிவிட்டேன். எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், இப்படிப் பார்த்துக்கொள்ளும் புருஷன் கிடைக்க மாட்டான் என்பார்கள். செவ்வாய்க்கிழமை வந்த பை அந்த வாரத்துக் கடைசியில் தட்டுக்கு வரும். எதிரில் உட்கார்ந்து அவள் மெல்லுவதைப் பார்ப்பேன். அவளும் மெல்லும்போது என்னையே பார்ப்பாள். எங்கள் திருமண வாழ்க்கையில் இவ்வளவு நேரம் முகம் பார்த்து நாங்கள் உட்கார்ந்ததில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அது பிடித்திருந்தது.

கடைசியாகக் கொடுத்ததைப் பற்றி விவரிக்க வேண்டாம். நிறம் மாறியிருந்தது. சட்டியில் வைத்தபோது நான் ஜன்னலைத் திறக்க வேண்டியிருந்தது. அவள் முழுவதும் சாப்பிட்டாள். நன்றி என்றுகூடச் சொன்னாள்.

மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது சிறுநீரகங்கள் நின்றுவிட்டிருந்தன. கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவள் விரல்களுக்குத் தைலம் தடவினேன். எப்படியும் அதிக நேரம் இல்லை என்று டாக்டரின் தயக்கத்திலேயே தெரிந்தது. இப்போது கேட்காவிட்டால் எப்போது கேட்பது?

"ஆர்டி," என்றேன், "கடைசியா குடுத்தேனே, அது எப்படி இருந்துச்சு?"

கண்ணைத் திறந்தாள். வழக்கமான அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேன்.

"அழுகல்," என்றாள். "மார்ச்சுலேர்ந்து எல்லாமே அழுகல்தான்."

இத்தனை ஆண்டுகளில் நான் கேட்டதெல்லாம் இதைத்தானே. குனிந்து அவள் நெற்றியில் முத்தமிட்டேன். வாசலில் நின்ற நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒரு நேரான பதில் கிடைத்துவிட்டால் இன்னொன்றுக்கு ஆசை வருகிறது.

"அப்புறம் ஏன் சாப்பிட்ட? சொல்லியிருக்கலாமே ஆர்டி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே."

அவள் கையை என் கையிலிருந்து மெதுவாக எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஒவ்வொரு வாட்டியும் நீ தட்டை நீட்டுறப்போ, நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி நீயே அதைத் திருப்பிப் புடுங்கிக்குவன்னு நெனச்சேன் வேர்லின்."