பூட்டிய அலமாரியும் முப்பத்திரண்டு கையெழுத்துகளும்

எங்கள் அன்புக்கு உரியவரும், எங்கள் அன்பால் இவ்வாண்டு ஒரு பயனும் காணாதவருமான தையலாசிரியை அம்மையீர்!

கிழிந்ததைக் கண்டால் கைகட்டி நிற்கத் தெரியாத கைகளுக்குச் சொந்தக்காரரே! பித்தான் அறுந்த சட்டைகளுக்கும் பிரிந்துபோன பைகளுக்கும் பிறந்த வீடாய் இருந்தவரே! முப்பத்தோராண்டுகள் இப்பள்ளியின் கோடி அறையில், கால்மிதி எந்திரத்தின் கடகடப்புக்கு நடுவே, கண்டிப்பும் கனிவுமாய்க் கடமையாற்றியவரே! வணக்கம்.

இதுவரை எழுத எங்களுக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. ஆசிரியர் கழகச் செயலாளராகிய கணக்காசிரியரிடம் பழுப்பு அட்டை போட்ட நோட்டு ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியும். ஆண்டு முடிவில் யார் ஓய்வுபெற்றாலும் அடைமொழிகள் அதிலிருந்துதான் இறங்கி வரும். சென்ற ஆண்டு "அமைதியின் உறைவிடமே!" என்று நாம் பாராட்டியது யாரை? விசில் ஊதியே தொண்டை கட்டிப்போன நம் விளையாட்டாசிரியரை! அவரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்படிப்பட்ட நோட்டை விரித்து வைத்து, உங்களுக்காக "வாய்மையின் வடிவமே!" என்று எழுதப் போன கணக்காசிரியருக்குக் கை ஓடவில்லை. மூன்று நாள் அந்த ஒரு வரியிலேயே உட்கார்ந்திருந்தார். ஏன் ஓடவில்லை என்பதுதான் இம்மடல்.

அம்மையீர்! உங்கள் அறையில் ஒரு மர அலமாரி உண்டு. அதற்குப் பூட்டு கிடையாது. வளர்ந்த பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன சீருடைகளும், பென்சில்களும், காலுறைகளும், பெண்பிள்ளைகளுக்கு அவசரத்தில் வேண்டியவையும் அதில் இருக்கும். இல்லாத பிள்ளை எடுத்துக்கொள்ளலாம். இருக்கிற பிள்ளை கொண்டுவந்து வைக்கலாம். "எடுத்தாலும் சொல்லாதே, வெச்சாலும் சொல்லாதே" என்பதுதான் நீங்கள் போட்ட ஒரே சட்டம். யாராவது உள்ளே வந்தால் நீங்கள் எந்திரத்தைச் சத்தமாக மிதித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வீர்கள். நம் பள்ளி வாசற்சுவரில் உண்மை, இரக்கம், ஒற்றுமை என்று ஆண்டுதோறும் விடுமுறையில் புதுச் சாயம் பூசுகிறோமே, அந்தச் சுவரை எந்தப் பிள்ளையும் நின்று படித்து நாங்கள் பார்த்ததில்லை. உங்கள் அலமாரியை எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

அரையாண்டுத் தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கையில், பென்சில் எடுக்கப் போன ஒரு சிறுமி, அலமாரியின் அடித்தட்டிலிருந்து கணக்கு வினாத்தாள் கட்டு ஒன்றை எடுத்து நேரே தலைமையாசிரியர் அறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். முத்திரை உடைந்திருந்தது. பள்ளியே அல்லோலகல்லோலப்பட்டது. அன்று மாலை ஆசிரியர் அறையில் கூட்டம் கூடியது. ஆளாளுக்குக் கத்தினோம். அறிவியலாசிரியர், "திறந்து போட்ட அலமாரின்னா இப்படித்தான் ஆகும், நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார். அவர் அப்படி எப்போதும் சொன்னதில்லை. நீங்கள் எழுந்தீர்கள். "நான் எடுக்கலை. எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சவங்க சொல்லட்டும்" என்று மட்டும் சொல்லி, கணக்காசிரியர் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டீர்கள்.

அலமாரியைப் பூட்ட வேண்டும், உங்களைத் தேர்வுப் பணியிலிருந்து விலக்க வேண்டும் என்று தலைமையாசிரியருக்கு மனு எழுதினோம். உங்களைத் தவிர முப்பத்திரண்டு பேரும் கையெழுத்திட்டோம். கணக்காசிரியரின் கையெழுத்து இரண்டாவது. பூட்டோடு வந்த சாவியை உங்களிடம் நீட்டியபோது, "பூட்டணும்னா பூட்டிக்கோங்க. சாவி மட்டும் எங்கிட்ட வேண்டாம்" என்றீர்கள். மறுநாளிலிருந்து பத்தரை மணித் தேநீருக்கு நீங்கள் வரவில்லை. உங்கள் பீங்கான் கோப்பை தட்டில் கவிழ்த்தபடியே இருந்தது. யாராவது ஒருவர் போய்க் கூப்பிட்டிருக்கலாம். ஒருவருக்கும் கால் எழவில்லை. நாலு மாதம் நாங்கள் அந்தக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே தேநீர் குடித்தோம், அம்மையீர். வெட்கமாக இருக்கிறது.

இனிச் சொல்லப்போவதை இங்கே கூடியிருக்கும் பெற்றோரும் பிள்ளைகளும் கேட்க வேண்டும். அந்தக் கட்டு கணக்காசிரியருடையது. வினாத்தாள் தலைமையாசிரியர் அறை பீரோவை விட்டு வெளியே வரக்கூடாது என்பது விதி. திருத்தம் பார்க்க வேண்டுமென்று பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவது எங்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம். ஏழாவது கேள்வியில் முக்கோணப் படம் பிசகியிருந்தது. முத்திரையை உடைத்தவர் அவர்தான். கட்டைப் பைக்குள் வைத்தவரும் அவர்தான். வாசலுக்குப் போவதற்குள் பையின் வார் அறுந்தது. உங்கள் அறைக்கு ஓடினார். "டீச்சர், இந்த வாரை மட்டும் கொஞ்சம் தெச்சுக் குடுங்க, நான் ஒரு எட்டு ஆபீஸ் போயிட்டு வந்துடறேன்" என்றார். ஊசிக்கு அடியில் பை போக வேண்டுமே! உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்து அலமாரியின் அடித்தட்டில் வைத்தீர்கள். திரும்பி வந்தவர் அவசரத்தில் தானே அள்ளிப் போட்டுக்கொண்டு போனார். கட்டு துணி மடிப்புக்குள் சரிந்து கிடந்தது. அன்றிரவு வீட்டில் அதைக் காணாமல், பள்ளியில் மேசைமேல் விட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டார். கட்டு அகப்பட்டது என்று கேட்ட கணமே அவருக்கு விளங்கிவிட்டது. உங்களுக்கும் விளங்கியிருக்கும்.

பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. "ரெண்டு நாள் போகட்டும், தானா ஆறிடும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த இரண்டு நாள் நாலு மாதமாயிற்று. உங்கள் அறை வழியாகப் போக மனமில்லாமல், தினமும் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு வகுப்புக்குப் போனார். வெயிலில் நடந்தால் உடம்புக்கு நல்லது என்று எங்களிடம் காரணம் சொன்னார். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் கதை அன்றே முடிந்திருக்கும். அவர் வாயாலேயே வரட்டும் என்று காத்திருந்தீர்கள். அந்தப் பொறுமைதான் அவரைத் தூங்கவிடவில்லை.

இதைவிடக் கொடியது ஒன்றுண்டு. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண். வாரத்தில் இரண்டு நாள் உங்கள் அலமாரிப் பாவாடையைக் கட்டிக்கொண்டுதான் வகுப்புக்கு வந்திருக்கிறாள். துவைத்து மடித்துத் திரும்ப வைத்திருக்கிறாள். எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது; தெரியாமல் இருக்கும்படி நீங்கள் பார்த்துக்கொண்டீர்கள். பூட்டு விழுந்த வாரம் ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் அலமாரி முன்னால் வந்து நின்றாள், பூட்டைப் பார்த்தாள், போய்விட்டாள். பிறகு பள்ளிக்கே வரவில்லை. நீங்கள் மூன்று முறை அவள் தெருவுக்குப் போனீர்களாம். பெட்டி ஒட்டும் வேலைக்குச் சேர்த்துவிட்டோம், இனி என்ன படிப்பு என்று அவள் சித்தி வாசலிலேயே நிறுத்திச் சொல்லிவிட்டாளாம். ஆண்டு முடிவில் வருகைப் பதிவேட்டைக் கூட்டிய வகுப்பாசிரியை, அந்தப் பெயரைச் சிவப்பு மையால் அடிக்க வேண்டியிருந்த அன்றுதான் உங்களிடம் வந்து கேட்டார். நீங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு ஆசிரியர் அறைக்கு வந்து எல்லோர் முன்னாலும் அழுதார்.

அப்போதுதான் கணக்காசிரியர் எழுந்தார். கையில் இருந்த தேநீர் தளும்பி நோட்டின் மேல் கொட்டியது. "அந்தக் கட்டு என்னுது. என் பைக்குள்ளதான் இருந்துச்சு. எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார். "இத்தனை நாள் கழிச்சு இப்ப சொல்லி என்ன ஆகப்போகுது?" என்று அறிவியலாசிரியர்தான் கேட்டார். "அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்லை. டீச்சர் தலை குனிஞ்சு வெளியே போகக்கூடாது, அவ்வளவுதான்" என்றார் அவர். தலைமையாசிரியருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். பட்டியலில் இனி அவர் பெயர் இருக்காது. இதை அவருக்குப் பெருமையாக நாங்கள் இங்கே எழுதவில்லை. அவரும் எழுதக் கேட்கவில்லை. தன் குற்றத்தை மட்டும் தனி மடலாக எழுதித் தருகிறேன் என்றார். மனுவில் எங்கள் கையெழுத்தும் இருக்கிறதே, கேள்வி கேட்காமல் போட்டோமே, அதனால் ஒரே மடலாக இருக்கட்டும் என்றோம். அம்மையீர், இதை இப்போது உங்கள் முன் நின்று வாசித்துக்கொண்டிருப்பவர் அவர்தான். குரல் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று பூட்டைக் கழற்றினோம். மேல்தட்டில் அந்தப் பாவாடை துவைத்து மடித்தபடி இருந்தது. இடுப்புப் பட்டியை நீங்கள் ஓர் அங்குலம் தளர்த்தித் தைத்திருந்தீர்கள். வளரும் பெண் அல்லவா! எங்களுக்கு அதை எடுக்கவும் மனம் வரவில்லை, மூடவும் மனம் வரவில்லை. இனி நானும் போகிறேன் என்று வகுப்பாசிரியை அவள் தெருவுக்குப் போகத் தொடங்கியிருக்கிறார். இரண்டு முறை கதவு திறக்கவில்லை. இன்னும் போவார். திரும்பி வருவாள் என்று உங்களிடம் வாக்குக் கொடுக்க எங்களுக்குத் தகுதியில்லை.

ஊசிக்காது தேடக் கண்ணாடி கேட்காத கண்களும், எந்திரம் மிதித்தால் நோகாத முழங்கால்களும் உங்களுக்கு நெடுநாள் வாய்க்கட்டும்! காலைத் தேநீரை யாரோடாவது பேசிச் சிரித்துக்கொண்டு குடிக்கும் வாழ்வு உங்களுக்கு அமையட்டும்! எங்களை மன்னியுங்கள் என்று கேட்டுத்தான் இம்மடலைத் தொடங்கியிருக்க வேண்டும். கடைசியில் வந்து கேட்பதும் எங்கள் வழக்கமான தாமதம்தான்.

மடலுக்குச் சட்டம் போட்டுத் தருவது நம் கழகத்தின் வழக்கம். கண்ணாடிக்கு அடியில் இம்மடல் இருக்கிறது. தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கி, இதற்குப் பின்னால் அந்த மனுவையும் வைத்திருக்கிறோம். பின்பலகைக்கு ஆணி அடிக்கவில்லை, கொக்கிதான் போட்டிருக்கிறது; கழற்றி முன்பின்னாக மாற்றிக்கொள்ளலாம். உங்கள் வீட்டுச் சுவரில் எதை வெளியே தெரிய மாட்டுவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
அம்மனுவில் கையெழுத்திட்ட அதே முப்பத்திரண்டு பேர்,
அதே வரிசையில்;
இரண்டாவதாக இருந்தவர் மட்டும் முதலில்.