மீன்முள்ளுக்கு வால் வைத்த விதம்

நான் இங்கே சொல்லப்போவதில் ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒன்று பொய்யென்றாலும் என் பல்லெல்லாம் கொட்டட்டும். ஒரு பல் வைத்தியன் இதற்கு மேல் என்ன சத்தியம் செய்ய முடியும்? கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களுக்கு அடுத்த நாளும் கடையில் கற்பூரம் கிடைத்தது. பல் அப்படியல்ல.

முதலில் ஒரு சாதாரண விஷயம். ஒக்லாந்தில் பல் டொக்டரிடம் போக எல்லோருக்கும் பயம். ஊசிக்கு அல்ல, பில்லுக்கு. அதனால்தான் கிளென்ஃபீல்டில் என் கிளினிக்கை விற்றபோது நாற்காலியை மட்டும் விற்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கார் மழையில் நின்றது, நாற்காலி கராஜுக்குள் இருந்தது. நம்மவர்கள் வந்தார்கள். ஒருவரிடமும் நான் ஒரு சதம் வாங்கியதில்லை. இதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் சொல்வதைக் கேட்கும்போது மறந்துவிடுவீர்கள்.

புதன்கிழமைகளில் எனக்கு வேறு வேலை. ரானுயிக்குக் கிட்ட, பழைய வெண்ணெய்த் தொழிற்சாலை ஒன்றுக்குள் ஒரு சிறிய அருங்காட்சியகம் இருந்தது. பெயர் வேண்டாம், அவர்கள் பட்டது போதும். அங்கே நான் சம்பளமில்லாத வழிகாட்டி. வந்தவர்களுக்கு வழிகாட்ட அங்கே அதிகம் ஒன்றும் இல்லை. இருந்த ஒரே பெரிய பொருள் ஒரு தரை. ரோமாபுரிக் காலத்துத் தரை. பயறளவு கற்களைப் பக்கம் பக்கமாகப் பதித்துச் செய்த சித்திரம். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் போன இந்த ஊர்க் கப்டன் ஒருவர் அதை வட ஆபிரிக்காவில் பெயர்த்தெடுத்து, பெட்டிகளில் அடைத்துக் கொண்டுவந்தாராம். நான் இந்த நாட்டுக்கு வந்தபோது ஒரு போத்தல் மாங்காய் ஊறுகாய்க்காக விமான நிலையத்தில் அரை நாள் மறித்து வைத்தார்கள். அவர் ஒரு வீட்டின் தரையையே கொண்டுவந்திருக்கிறார். கேட்க ஆளில்லாத காலம்.

தரையில் என்ன சித்திரம் என்று கேட்பீர்கள். குப்பை. விருந்து முடிந்து கூட்டாமல் விட்ட தரை. கோழிக்கால், நண்டுக் கொடுக்கு, உடைத்த கொட்டைக் கோது, உறிஞ்சிப்போட்ட பழவிதை, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதன் நிழல், எல்லாம் கல்லில். எங்கள் வீட்டில் கீழே சிந்துமளவுக்குச் சாப்பாடு இருக்கிறது என்று அந்தக் காலத்துப் பணக்காரர் காட்டிக்கொண்ட விதமாம் அது. என் மனைவி வசந்தமலரை முதல் தரம் கூட்டிக்கொண்டு போனபோது, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று நெடுநேரம் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, இவ்வளவு வசதியான ஆக்கள் ஒரு தும்புத்தடி வாங்கேல்லையோ?"

"இது கலை, வசந்தம்."

"எச்சில். எச்சிலுக்குக் கயிறும் கட்டி லைட்டும் போட்டு வச்சிருக்கினம். வடிவாத்தான் இருக்கு."

எனக்கு எச்சில் கண்ணில் படவில்லை. நடுவில் கிடந்த ஒரு மீன்முள்தான் பட்டது. தலை, நடுமுள், பக்கமுட்கள் எல்லாம் வெள்ளைக் கல். வால் இல்லை. வால் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிறச் சாந்து. வரிசையாக வெள்ளை, வெள்ளை, வெள்ளை, பிறகு ஓட்டை. என் உத்தியோகக் காலம் முழுவதும் நான் இதைத்தானே பார்த்தேன். அன்று வீட்டுக்கு வந்தும் என் நாக்கு வாய்க்குள் அந்த ஓட்டையைத் தேடிக்கொண்டே இருந்தது.

அந்தத் தரையைப் பராமரித்தவள் அஞ்சலினா, என் சிநேகிதன் பற்றிக்கின் மகள். பற்றிக் மன்னாரான். குழாய் வேலை செய்து ஓய்வெடுத்தவன். எழுபது வயதிலும் ஒரு பல் குறையாமல், நண்டுக்காலைப் பல்லாலேயே உடைத்துத் தின்பான். அவன் வாயை நான் எப்போதும் மரியாதையோடுதான் பார்த்திருக்கிறேன். மகள் இங்கே பிறந்தவள், தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். அந்த மீனுக்கு ஒரு வாலைப் போட்டுவிடு பிள்ளை என்று நான் கேட்டேன். அங்கே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, தெரியாததை வைத்தால் அது பொய், ஓட்டையும் ஓர் உண்மைதான் அங்கிள் என்றாள்.

"மீனுக்கு வால் இருந்திருக்கும்தானே?"

அந்த வீட்டில் ஒரு பூனையும் இருந்திருந்தால் என்று கேட்டாள்.

கெட்டிக்காரி. ஆனால் பூனைக்கும் ஆதாரம் இல்லை என்பதை நான் கவனித்தேன்.

இதற்குள் ஒரு சிக்கல் வந்தது. தரை இன்னும் அந்தக் கப்டனின் பேரப்பிள்ளைகளுக்குச் சொந்தம். அருங்காட்சியகத்துக்கு இரவல்தான். ஐரோப்பாவிலிருந்து ஒரு நிபுணர் வந்து பார்ப்பார், தரையில் புதிதாக ஒன்றும் சேர்க்கவில்லை, ஒழுங்காகக் காத்திருக்கிறார்கள் என்று அவர் சொன்னால் அது இங்கேயே நிற்கும், இல்லையென்றால் கப்பலேறும் என்று ஏற்பாடு. தரை போனால் அருங்காட்சியகம் வெறும் வெண்ணெய்த் தொழிற்சாலை. அஞ்சலினாவுக்கு வேலை இல்லை. அவள் அப்போதுதான் மோர்ட்கேஜ் எடுத்து வீடு வாங்கியிருந்தாள். ஆகவே என்னைத் தனியே கூப்பிட்டு, தயவுசெய்து அந்தத் தரையில் கைவைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். என் முகத்தில் எதையோ கண்டிருக்கிறாள்.

நான் யோசித்தேன். பெண் பார்க்க வருகிறவர்கள் முன் ஒரு பிள்ளையை முன்பல் இல்லாமல் யாராவது நிறுத்துவார்களா? நிபுணர் வந்து முதலில் பார்ப்பது ஓட்டையைத்தான். அஞ்சலினா சின்னப் பிள்ளை, அவளுக்கு விளங்காது. நான் செய்தது எல்லாம் அவளுக்காகத்தான்.

கல் தேடினேன். குளியலறை ஓடு ஒன்றை உடைத்துப் பார்த்தேன், வெள்ளைச் சலவைக்கல் வாங்கிப் பார்த்தேன். எல்லாம் புது வெள்ளை, கண்ணைக் குத்துகிற வெள்ளை. மீன்முள்ளின் வெள்ளை வேறு. பாலாடை போல, உள்ளே கொஞ்சம் மஞ்சள் ஓடிய வெள்ளை. இந்த நிறத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று பல நாள் மண்டையைக் குடைந்தது. ஒருநாள் கராஜில் கை கழுவிக்கொண்டு நிற்கும்போது தட்டில் கிடந்தது. நாற்பது வருஷம் பால்தேத்தண்ணி குடித்த பல்லுக்கு மட்டும் வரும் நிறம் அது.

ஆனால் அது சூத்தைப் பல். வைரப்பொடி பதித்த அறுக்கும் சில்லால் சதுரமாக அறுக்கப் போனபோது பொரிமா மாதிரி உதிர்ந்துவிட்டது. இன்னும் சிலவற்றை அறுத்துப் பார்த்தேன். சூத்தைப் பல் சதுரத்துக்கு நிற்காது.

ஆகவே நல்ல பல் தேவைப்பட்டது.

முதல் பல் வசந்தமலருடையது. அவளுக்கு அப்போது ஒரு நோவும் இல்லை. நோக முதலே பிடுங்கினால் பிறகு நோகாது என்பதை விளங்கப்படுத்தினேன். அவள் என்னை நம்பினாள், கலியாணம் கட்டிய நாள் முதல் நம்பிப் பழகியவள். பிறகு மற்றவர்கள். சும்மா சுத்தம் செய்ய வந்தவர்கள், பேரனைக் காட்ட வந்து தாங்களும் வாயைத் திறந்தவர்கள். எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். எண்ணினால் மனது கஷ்டப்படும் என்று நான் எண்ணவில்லை. விறைக்க ஊசி போடாமல் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. முன்பல்லைத் தொட்டதில்லை, சிரிப்புக் கெட்டுவிடும். எல்லாம் இடப்பக்கக் கொடுப்புப் பல், கடைவாயில் இருப்பது. பிள்ளைகளின் பல்லையும் தொடவில்லை. அவை நிறத்துக்குச் சரிவரவில்லை என்பது வேறு விஷயம், தொடவில்லை என்பதை என் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

நல்ல பல்லை ஏன் கொடுத்தார்கள் என்று ஆச்சரியப்படுவீர்கள். சிலர் என்னையும் கேட்டார்கள்தான். கேட்டவர்களுக்கு நான் அந்தச் சத்தியத்தைச் செய்தேன். தன் பல்லையே பணயம் வைக்கும் பல் வைத்தியனை யார் சந்தேகிப்பார்கள்?

வால் நிறைந்துகொண்டு வந்தது. கடைசியில் நுனிக்கு மட்டும் கொஞ்சம் குறைந்தது. நிபுணர் வர இன்னும் இரண்டு நாள். அந்த நேரம் பார்த்துப் பற்றிக் வந்தான்.

"மூர்த்தி, எனக்கு நோவொண்டும் இல்லையடா. மகள்ர மியூசியம் விசேஷத்துக்குப் பல்லைக் கொஞ்சம் மினுக்கி விடு."

"ஆவெண்டு திற. ம். ரெண்டு பல்லு உள்ளுக்குப் பழுது."

"விசர்க்கதை கதையாதை. நேற்றும் நண்டு கடிச்சனான்."

"அதுதான் கடைசி நண்டு."

நாக்கால் அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்தான். "உண்மையாத்தான் சொல்லுறியோ?"

"பொய்யெண்டால் என்ர பல்லெல்லாம் கொட்டட்டும்."

"அப்ப பிடுங்கித் துலை. நீ சொன்னால் சரிதானே."

கிணற்றுக் கட்டுப்போல வேரூன்றிய பற்கள். எனக்கு வேர்த்துவிட்டது. பற்றிக்தான் என் நெற்றியைத் துடைத்துவிட்டான்.

பதித்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், அது அஞ்சலினாவிடம் படித்தது. பழைய சித்திரத் தரையைப் பெயர்க்கும்போது அதன் மேல்முகத்தில் துணியை ஒட்டி, முழுதாகத் தூக்கி, புது இடத்தில் வைத்த பிறகு துணியை நனைத்து உரித்துவிடுவார்கள். நானும் வாலை வீட்டிலேயே துணியில் ஒட்டிச் சேர்த்துக்கொண்டேன். நிபுணரைக் கூட்டிவர அஞ்சலினா விமான நிலையத்துக்குப் போன மத்தியானம், சாந்தைச் சுரண்டி, பல்லுக்கு வைக்கும் சீமெந்தைத் தடவி, வாலை இருத்தி, துணியை உரித்தேன். கயிற்றுக்கு வெளியே வந்து பார்த்தேன். மீன் முழுதாக இருந்தது. அன்று இரவு நன்றாகச் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் அருங்காட்சியக மண்டபம் நிறைய ஆட்கள். அஞ்சலினா நம்மவர்கள் எல்லோரையும் அழைத்திருந்தாள். வசந்தமலர் மீன் கட்லட் செய்துகொண்டு வந்திருந்தாள். நான் சுவரோரம் நின்று பார்த்தேன். ஒருவர் விடாமல் எல்லோரும் வலப்பக்கத்தால் மென்றுகொண்டு நின்றார்கள். ஒரு சமூகம் இவ்வளவு ஒற்றுமையாக எதையும் செய்து நான் கண்டதில்லை.

நிபுணர் நரைத்த தலை அம்மையார். கழுத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி தொங்கியது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு முழங்காலில் இருந்து, கோழிக்காலிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தார். மீன்முள்ளிடம் வந்ததும் முகம் மலர்ந்தது. வாலின் நிறம் அபூர்வம் என்றார். அஞ்சலினா குனிந்தாள். அவள் முகத்தில் இருந்த இரத்தம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அம்மையார் கண்ணாடியை இன்னும் கிட்டக் கொண்டுபோனார். பிறகு மிக மரியாதையாகக் கேட்டார்: ரோமாபுரிக்காரர் வெள்ளி அடைப்பு வைப்பார்களா?

வருஷங்களுக்கு முன் சோற்றில் கல் கடித்து, பற்றிக்கின் பல் ஒன்றில் கடுகளவு சிதறிவிட்டது. நான்தான் அடைத்தேன். அவசரத்தில் அதை மேற்பக்கமாக வைத்துப் பதித்திருக்கிறேன். அடைப்பு நேற்று வைத்தது போல இருந்தது. என் கைவேலை நீடிக்கும்.

அஞ்சலினா கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். நிமிர்ந்து மண்டபத்தைப் பார்த்தாள். கட்லட் மெல்லும் வாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள். அந்த நேரம் பற்றிக் யாரோ சொன்ன பகிடிக்கு வாய் திறந்து சிரித்தான்.

"அப்பா," என்றாள். அவள் தமிழில் பேசி நான் கேட்ட ஒரே சொல் அது.

தரை கப்பலேறிவிட்டது. மண்டபத்தில் இப்போது சுவருக்குச் சுவர் சாம்பல் நிறச் சாந்து மட்டும். அவ்வளவு பெரிய ஓட்டையைப் பார்க்க எனக்கு மனமில்லை, புதன்கிழமைகளில் போவதை நிறுத்திவிட்டேன். அஞ்சலினா வீட்டை விற்றுவிட்டு, த்ரீ கிங்ஸில் ஒரு கடையில் குளியலறை ஓடு விற்கிறாள். அதுவும் அதே துறைதான். அங்கே நடுவில் ஓட்டை விட்டால் வாங்குகிறவர்கள் ஒப்பமாட்டார்கள். நான் அன்று சொன்னது அவளுக்கு இப்போது விளங்கியிருக்கும்.

போன கிழமை பற்றிக் வந்தான். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று ஒரு பையை நீட்டினான். நண்டு.

"இந்தா, நீ தின். என்னால உடைக்கேலாது."

"பற்றிக்..."

"ஒண்டு மட்டும் கேக்கிறன், மூர்த்தி. பிள்ளை சொல்லுறாள் என்ர ரெண்டு பல்லும் நல்ல பல்லெண்டு. நீ சொல்லு. பழுதோ, இல்லையோ?"

அவன் கண்ணைப் பார்த்தேன். நாற்பது வருஷச் சிநேகிதம். உண்மையைச் சொன்னால் அவனுக்கு மகளின் வேலை போனதோடு நண்பனும் போய்விடுவான். அந்த வயதில் அவன் தாங்கமாட்டான்.

"பழுதுதான். பொய்யெண்டால் என்ர பல்லெல்லாம் கொட்டட்டும்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டு போனான். வசந்தமலர் நண்டைக் குழம்பு வைத்தாள். அவள் வலப்பக்கத்தால் கடித்துச் சாப்பிட்டாள். எனக்குக் குழம்பு மட்டும். என் கடைசிச் சொந்தப் பல் 1993இல் கொழும்பில் விழுந்தது, அன்றிலிருந்து மேலும் கீழும் கட்டுப்பல்.