பிச்சாட்டூர், செவ்வாய், மாலை ஆறரை மணி

தலைமை ஏற்றிருக்கும் டாக்டர் சுந்தரி அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, கணவரை இழந்து முன் வரிசையில் அமர்ந்திருக்கும் ருக்மணி அம்மா அவர்களே, குடியை விட்டவர்களே, விட முயன்று கொண்டிருப்பவர்களே, புத்தூர்ப் பொதுமக்களே! உங்கள் எல்லோருக்கும் சின்னசாமியின் வணக்கம்.

எங்கள் குடி மறந்தோர் குழுவில் பெயரை வெளியே சொல்லும் வழக்கம் இல்லை. ஆனால் ருக்மணி அம்மா சொன்னார்கள்: "அவரு பேரச் சொல்லுங்கண்ணா. வெக்கப்பட்டது எல்லாம் போதும்." ஆகவே சொல்கிறேன். லோகேஸ்வரன்! ஸ்ரீசிட்டித் தொழிற்சாலையின் ஃபிட்டர் லோகேஸ்வரன்! எங்கள் குழுவின் காவல்காரர் லோகேஸ்வரன்!

அவர் எங்களிடம் எப்படி வந்தார் தெரியுமா? வேலைக்காக வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து பிச்சாட்டூரில் வாடகைக்குக் குடியிருந்தவர். குடியை விட வேண்டும் என்று ஒருநாள் மனம் வந்தது. யாரிடம் கேட்பது? வெட்கம். போனை எடுத்துத் தேடினார். எந்த ஊரில், எந்தக் கிழமை, எத்தனை மணிக்குக் கூட்டம் என்று காட்டும் இணையப் பட்டியல் ஒன்று இருக்கிறதே, அது எங்கள் திருப்பதிக் கூட்டத்தைக் காட்டியது. அன்றைக்கே பஸ் ஏறிவிட்டார்.

வந்து பார்த்தால் கதவில் பூட்டு! ஏன்? அன்று கங்கம்மா ஜாத்திரை, ஊரே வேஷம் கட்டிக் கொண்டாடும் அம்மன் திருவிழா. ஜாத்திரை அன்று கூட்டம் கிடையாது என்பது திருப்பதியில் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் யாரும் யாருக்கும் சொல்லிக்கொள்வதுகூட இல்லை. ஊருக்குத் தெரியும், பட்டியலுக்குத் தெரியுமா? வேலூர்க்காரருக்குத் தெரியுமா? வேஷம் கட்டிப் போனவர்களில் ஒருவர் அன்போடுதான் கூப்பிட்டிருக்கிறார்: "ஜாத்திரை அன்னைக்கு ஏதுப்பா மீட்டிங்கு? வூட்டுக்கு வா, துன்னுட்டுப் போ." அந்த வீட்டில் கறியும் இருந்தது, பாட்டிலும் இருந்தது.

ஒரு குடிகாரனுக்கு ஆபத்தான நாள் எது? ஊரே குடிக்கும் நாள்தானே! அந்த நாளில்தான் நாங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு போயிருந்தோம்.

அதன் பிறகு இரண்டு வருஷம் குடித்துவிட்டுத்தான் மறுபடி வந்தார். வந்தவர் அதற்குப் பிறகு ஒரு சொட்டும் தொடவில்லை. ஆனால் அந்த இரண்டு வருஷத்தில்தான் ஈரல் கெட்டது என்று டாக்டர் அம்மா பின்னால் சொன்னார்கள். அவர் குடியை விட்டார், குடி அவரை விடவில்லை. கடைசி மாதங்களில் வயிறு வீங்கி, கண் மஞ்சளாகிக் கிடந்தவருக்கு நாங்கள் என்ன செய்தோம்? இளநீர் வாங்கிக்கொண்டு போனோம். கட்டிலைச் சுற்றி நின்றோம். வேறென்ன தெரியும் எங்களுக்கு?

பிச்சாட்டூரில் ஒரு கூட்டம் ஆரம்பித்துப் பட்டியலில் தன் போன் நம்பரைப் போட்டவர் அவர். "லிஸ்ட்டுல இருந்தா ஆள் இருக்கணும்" என்பது அவர் சட்டம். மழையானாலும், தேர்தலானாலும், பொங்கலானாலும் செவ்வாய் மாலை ஆறரைக்கு அந்த அறை திறந்திருக்கும். ஒருமுறை நான் போனபோது உள்ளே அவரைத் தவிர ஈ, காக்கை இல்லை. காலி நாற்காலிகளைப் பார்த்து வரவேற்புரையைச் சத்தமாக வாசித்துக் கொண்டிருந்தார்! "யாருக்குய்யா வாசிக்கிற?" என்று கேலி செய்தேன். "வெளிய நிக்கிறவனுக்குண்ணா. வெக்கத்துல எட்டிப் பாக்க மாட்டான். உள்ள ஆளு கீதுன்னு காதுலயாவது கேக்கணும் இல்ல?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அன்பர்களே, இனிச் சொல்வதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருடைய காரியம் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. நாங்கள் அத்தனை பேரும் அவர் வீட்டில் இருந்தோம். கூட்டத்துக்கு யார் போவது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சாவு வீட்டுக் காரியத்தை விட்டுவிட்டுப் போவது நம் வழக்கமா என்ன?

மாலையில் அவர் போன் அடித்தது. ருக்மணி அம்மாதான் எடுத்தார்கள். யாரோ ஒரு தம்பி. "அண்ணே, ஆன்லைன்ல பாத்துட்டு வந்தேன். கதவு பூட்டிக் கீதுண்ணே." அந்தம்மா அழுதுகொண்டே, "அவரு இல்லப்பா, தவறிட்டாரு. இன்னிக்குத்தான் காரியம்" என்றார்கள். "அப்டியாக்கா... சாரிக்கா" என்று அந்தத் தம்பி வைத்துவிட்டார்.

பூட்டிய கதவின் முன் நின்றவர், நம்மிடம் மன்னிப்புக் கேட்டார்!

தும்பை விட்டு வாலைப் பிடித்த கதையாக அந்த நம்பருக்கு நாங்கள் மாறி மாறிப் போன் செய்தோம். அணைத்து வைத்திருக்கிறார். யார் அவர்? எந்த ஊர்? பெயர் கேட்கக் கூடாது என்பது நாமே போட்ட விதி. போலீசில் போய் என்னவென்று சொல்வது? பட்டியலில் இருக்கும் லோகேஸ்வரன் நம்பரை மாற்றச் சொல்லிப் பட்டியல்காரர்களுக்கு எழுதினோம், பதில் இல்லை. ருக்மணி அம்மா இதோ அந்தப் போனை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அடித்தால் என்ன சொல்வது என்று என்னைக் கேட்டார்கள். எனக்கும் தெரியவில்லை அம்மா.

லோகேஸ்வரா! உன்னைப் புகழ இத்தனை பேர் வந்திருக்கிறோம். நீ சொன்ன ஒன்றைச் செய்ய ஒருவர் இல்லாமல் போனோமே!

இந்த இரங்கல் கூட்டத்தையும் பாருங்கள். இங்கே புத்தூரில் மண்டபம் இன்றைக்குத்தான் கிடைத்ததாம். இன்று என்ன கிழமை?

அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி எடுக்கும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். கை தூக்கி உறுதி சொல்ல எனக்குத் துணிவில்லை. உத்துக்கோட்டை பஸ் ஐந்தரைக்கு. அதைப் பிடித்தால் பிச்சாட்டூரில் நேரத்துக்குக் கதவைத் திறந்துவிடலாம். அந்தத் தம்பி வருவாரா? வரமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் பட்டியலில் இருக்கிறதே.

மௌன அஞ்சலி செலுத்த நான் இருக்க மாட்டேன். பெரியோர்கள் மன்னிக்க வேண்டும். அங்கே நான் சத்தமாக வாசிக்க வேண்டும்.