கட்டம் போட்ட தாள்

ஆழ்வார்பேட்டை நிறுத்தத்தில் ஏறிய இரண்டு பெண்கள், வயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு என் முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

"படிக்கவே தெரியாது, லைப்ரரில உனக்கு இன்னாக்கா வேல?" என்றாள் இளையவள்.

"பொண்ணு அப்ப டைப்பிங் கிளாஸ் போயிடும். அதுக்கு வேல தேடத்தான் போனேன். அங்க ஒரே பேப்பர தாள் தாளா பிரிச்சி ஆளுக்கொண்ணு படிப்பாங்க. கட்டம் கட்டமா கீற தாளு வேல விளம்பரம். அத எடுத்துக்கினு போனா லைப்ரரியம்மா படிச்சிக் காட்டும். அப்ளிகேசன் கூட அதுவே எழுதிக் குடுத்துச்சி."

"வேல கெடச்சிதா?"

"போன மாசமே கெடச்சிட்ச்சி."

"அப்பறம் இன்னாத்துக்கு இன்னும் போற?"

"நல்லா கேட்ட போ! பி.ஏ. படிச்சவனே அந்தத் தாளு எங்கன்னு என்னைத்தான் கேக்குறான்."